ஜான் மத்தாய்: ஒரு கம்பெனிப் பொருளாதார அறிஞரின் பணியும் எழுத்தும்

சென்ற ஆண்டு மலருக்கு நிகழ்தகவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இவ்வாண்டும் அதுபோன்ற அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். தருவதாக நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் இரண்டு திங்களாக வேறொரு வினா என் மனத்தில் குடிபுகுந்து, வெளியேற மறுக்கிறது. ஆகவே நிகழ்தகவை விட்டு, அவ்வினாவையே ஈண்டு எழுதத் துணிந்தேன். செயலாளர் பொறுத்தருள்க.

வினா எழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியியல் முதுகலை இறுதியாண்டில் இருப்பவன். ஆள் எடுக்க வந்த பெரிய கம்பெனி ஒன்று தன் பொருளாதார ஆய்வுப் பிரிவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அப்பிரிவுக்குத் தலைமைப் பொருளாதார நிபுணர் ஒருவர் உண்டு. அவர் எழுதும் அறிக்கைகளுக்கு வேண்டிய எண்களைச் சேர்த்து, சலித்து, வரைபடமாக்கித் தருவது என் வேலை. விடுதியில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். நாகர்கோவில் நண்பர் ஒருவர் அதை வாயில் போட்டுக்கொண்டே, "அவங்க சம்பளத்த வாங்கிட்டு, அவங்களுக்கு ஆகாத ஒரு எண்ண நீ எழுத முடியுமா மக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். உப்பிட்டவருக்கு எதிராக எழுதுவது நன்றி மறத்தல் ஆகாதா? எழுதாமல் விட்டால் அது பொய்யாகாதா? இதற்கு ஏட்டளவில் விடை தேடுவதினும், இவ்வழியில் முன் நடந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் எங்கே யாரிடம் ஊதியம் பெற்றார், அவ்வப்போது என்ன எழுதினார் என்று ஒத்துப் பார்ப்பதே சோதனைச் சாலைப் பழக்கம் உள்ளவனுக்கு ஏற்றது என்று எண்ணினேன். அப்படித் தேடியபோது கிடைத்தவர் ஜான் மத்தாய்.

அவரிடம் செல்லுமுன், இவ்வேலை இன்னது என்பதைச் சிறிது கூறவேண்டும். கம்பெனியின் பொருளாதார நிபுணர் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பருவமழை பொய்க்குமா, ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுமா, ரூபாயின் மதிப்பு இறங்குமா, எஃகுக்கும் நூலுக்கும் அடுத்த ஆண்டு எவ்வளவு கிராக்கி இருக்கும் என்பவற்றைக் கணித்து முதலாளிகளுக்குச் சொல்வது அவர் கடமை. வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் பத்திரிகைகளில் எழுதுவார். சில இடங்களில் கம்பெனியின் உள் இயந்திரத்திலேயே அவர் கை வைப்பதும் உண்டு: கூகிள் கம்பெனிக்கு 2002-இல் ஆலோசகராகச் சென்று பின்னர் அதன் தலைமைப் பொருளாதார நிபுணரான ஹால் வேரியன், விளம்பர இடங்களை ஏலம் விடும் முறையைச் செப்பனிட உதவினார். நம்மவர்களுள் அனந்த நாகேஸ்வரனைச் சொல்லலாம். சுவிஸ் நாட்டு ஜூலியஸ் பேர் வங்கியில் உயர்பதவி வகித்தவர். நம் பெங்களூரின் தட்சசீலா நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 2022 ஜனவரியில் நடுவண் அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக அமர்த்தப்பட்டார். கம்பெனியிலிருந்து அரசுக்குச் செல்லும் இப்பாதை புதியதன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே மத்தாய் அதில் இருமுறை போய்வந்தவர்.

மத்தாய் 1886-இல் கோழிக்கோட்டில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்து ஊர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, சட்டம் படித்து, சில ஆண்டுகள் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தார். பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். அங்கு அவர் செய்த ஆராய்ச்சியே 1915-இல் 'பிரிட்டிஷ் இந்தியாவில் கிராம ஆட்சி' என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தது. ஏரி மராமத்து, ஊர்க்காவல், பள்ளி, ஏழைகளுக்கு உதவி, வழக்குத் தீர்த்தல் ஆகியவற்றை நம் கிராமங்கள் தாமே எவ்வாறு நடத்தின என்பதை அரசாங்கப் பழைய ஏடுகளிலிருந்து திரட்டிச் சொல்லும் நூல் அது. பேரறிஞர் சிட்னி வெப் முன்னுரை எழுதினார். 1920-களின் முற்பகுதியில் மத்தாய் சென்னையில் பொருளாதாரப் பேராசிரியர். சென்னைச் சட்டசபை உறுப்பினருங்கூட. 1925-இல் வேளாண்மைக் கூட்டுறவு பற்றி நூல் எழுதினார். இதுவரை அவர் உப்பு பல்கலைக்கழகத்து உப்பு. அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

1925-இல் அவர் இந்தியச் சுங்க வாரியத்தின் உறுப்பினரானார். 1931 முதல் 1934 வரை அதன் தலைவர். இங்கேதான் நம் வினா முளைவிடுகிறது. அந்நாளில் ஒரு கைத்தொழில் அதிபர், வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து தம் தொழிலை அழிக்கிறது என்று முறையிட்டால், இவ்வாரியம் விசாரணை நடத்தும். தொழிற்சாலையின் கணக்குகளை வாங்கி, ஒரு டன் செய்ய அடக்கவிலை என்ன, இறக்குமதிச் சரக்கின் விலை என்ன, இடைவெளி நியாயமானதா, எத்தனை ஆண்டில் தொழில் தன் காலில் நிற்கும் என்று எடைபோட்டு, இவ்வளவு வரி போடலாம் என்று பரிந்துரைக்கும். ஜாம்ஷெட்பூர் எஃகு 1924-இல் இத்தகைய பாதுகாப்பைப் பெற்றது. 1926-இல் நடந்த மறு விசாரணையில் மத்தாய் உறுப்பினர். 1930-களின் முற்பகுதியில் எஃகு மீண்டும் விசாரணைக்கு வந்தபோது அவரே தலைவர். அதன்பின் 1935 முதல் 1940 வரை வணிகத் தகவல், புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநர். 1940-இல் அரசுப் பணியை விட்டு அவர் சேர்ந்த இடம் எது தெரியுமா? டாட்டா கம்பெனி!

எஃகுக்கு வரி வேண்டுமா என்று தீர்ப்புச் சொன்னவர் எஃகு முதலாளியின் அலுவலகத்தில் போய் அமர்ந்தார் என்று ஒருவர் சொன்னால், ஆண்டுகளை எண்ணிப் பார்த்து இடையில் ஆறாண்டு இருந்ததே என்று மறுமொழி கூறலாம். அதற்குமேல் நான் சொல்வதற்கில்லை. இந்தியாவில் அன்று தொழிற்சாலையின் உட்கணக்கைப் படிக்கத் தெரிந்த பொருளாதார அறிஞர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்; அவர்களைக் கம்பெனிகள் தேடியது இயல்பே. ஆயினும் இச்செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு சிறு முள் தைத்தது. அதை மறைக்கவில்லை.

டாட்டாவின் பெயர் நம் ஊருக்குப் புதிதன்று. 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகத்துக்குப் போக வேண்டுமானால், ஆட்டோக்காரரிடம் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்' என்று சொன்னால் போதும். அந்தக் கம்பெனியே பம்பாயில் பொருளாதாரத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் தனித்துறை ஒன்று வைத்திருந்தது. அத்துறை வெளியிட்டு வந்த 'இந்தியப் புள்ளிவிவரச் சுருக்கம்' கைக்கடக்கமான ஒரு நூல், விலையும் குறைவு. ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் பிரதி ஒன்றைப் பார்த்தேன். மக்கள்தொகை, நெல் விளைச்சல், மின்சாரம், கல்வி எல்லாம் சிறுசிறு பட்டியல்களாக இருந்தன. எஃகு விற்கும் கம்பெனிக்கு எழுத்தறிவுக் கணக்கு எதற்கு என்று தோன்றும். எஃகு வாங்குகிறவன் நாளைக்கு யார் என்று அறிய அதுவும் வேண்டும் அல்லவா?

இனி மத்தாயின் புகழுக்கும் நம் வினாவுக்கும் நடுநாயகமான பம்பாய்த் திட்டத்துக்கு வருவோம்.

1944 ஜனவரியில் எட்டுப் பேர் கையெழுத்திட்டு இந்தியப் பொருளாதார வளர்ச்சிக்கு ஒரு திட்டம் வெளியிட்டனர். புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், ஜே. ஆர். டி. டாட்டா, ஜி. டி. பிர்லா, அர்தேஷிர் தலால், ஸ்ரீராம், கஸ்தூரிபாய் லால்பாய், ஏ. டி. ஷ்ராப், ஜான் மத்தாய் ஆகியோர் அவர்கள். ஆலை முதலாளிகளுக்கிடையே ஒரு பழைய பேராசிரியர். வரைவில் பெரும்பங்கு அவருடையது என்று எழுதியோர் பலர். அதே ஆண்டின் இறுதியில் இரண்டாம் பகுதியும் வந்தது. இரண்டையும் சேர்த்து 1945-இல் பெங்குவின் நூலாக வெளியிட்டார்கள். அந்நூலை நான் மூன்று முறை படித்தேன். முதல் முறை வியப்பு. இரண்டாம் முறை கையில் பென்சிலும் கணக்குப் பொறியும். மூன்றாம் முறை, எழுதப்படாதது என்ன என்று தேடினேன்.

திட்டம் கேட்பது பதினைந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய். நாட்டு வருமானத்தை 2,200 கோடியிலிருந்து 6,600 கோடியாக, அதாவது மும்மடங்காக, உயர்த்த வேண்டும். ஆண்டுக்கு 50 இலட்சம் மக்கள் பெருகுவதால், இதனால் தலைக்கு வருமானம் இரட்டிக்கும். தலைக்கு வருமானம் 65 ரூபாய் என்னும் தொடக்கக் கணக்கு எங்கிருந்து வந்தது? வி. கே. ஆர். வி. ராவ் 1931-32-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டிலிருந்து. இந்த ராவ் 1908-இல் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1972-இல் இதே பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஞானபாரதி வளாகத்தில் படிக்கும் நம்மவர்கள் நாகரபாவிப் பக்கம் நடக்கும்போது அதன் வாயிலைத் தாண்டித்தான் போகிறார்கள். அப்பெயர் மீண்டும் வரும், நினைவில் வைத்துக்கொள்க.

இனி அந்நூலில் என்னைக் கவர்ந்த பகுதி. முதலாளிகள் திட்டம் போட்டால் எத்தனை ஆலை, எத்தனை மைல் இருப்புப்பாதை என்று தொடங்குவார்கள் என்று எண்ணினேன். இவர்கள் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும் என்று தொடங்குகிறார்கள். நாளைக்கு 2,800 கலோரி உணவு, ஆண்டுக்கு 30 கஜம் துணி, இருக்க 100 சதுர அடி இடம், பள்ளி, மருந்து. எல்லாவற்றையும் போருக்கு முந்திய விலையில் கூட்டினால், தலைக்கு ஆண்டுக்கு 74 ரூபாய் குறைந்தபட்சம் வேண்டும் என்று காண்கிறார்கள். இருப்பதோ 65. அதாவது நாட்டிலுள்ள அனைத்தையும் எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொடுத்தாலும் ஒருவருக்கும் போதாது. இத்தனை சிறிய கழித்தல் கணக்கு இத்தனை பெரிய செய்தியைச் சொல்லி நான் கண்டதில்லை. (100 சதுர அடி என்பதைப் படித்ததும் எங்கள் விடுதி அறையை அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, நாங்கள் மூவர். பம்பாய்த் திட்டம் எங்கள் அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.)

பதினைந்து ஆண்டில் மும்மடங்கு என்றால் ஆண்டுக்கு என்ன விழுக்காடு? கணக்குப் பொறியில் தட்டினேன்: ஏறத்தாழ 7.6. விடுதலைக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் நாடு உண்மையில் வளர்ந்தது ஆண்டுக்குச் சுமார் 3.5. அவ்வேகத்தில் பதினைந்து ஆண்டில் ஒன்று ஒன்றே முக்காலைக்கூட எட்டாது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1951-இல் தொடங்கியபோது அதற்கு ஒதுக்கிய தொகை 2,069 கோடி. ஆகவே 1944-இல் எழுதப்பட்டது ஒரு கனவு என்று தள்ளிவிடலாம். ஆனால் கனவு காண்பவர் கணக்கு விவரம் தரமாட்டார். இவர்கள் தருகிறார்கள்: கைத்தொழிலுக்கு 4,480 கோடி, வீட்டுக்கு 2,200, வேளாண்மைக்கு 1,240, போக்குவரத்துக்கு 940, கல்விக்கு 490, சுகாதாரத்துக்கு 450, மற்றவைக்கு 200. கூட்டிப் பாருங்கள், சரியாக 10,000. தவறு கண்டுபிடிக்க விரும்புகிறவனுக்கு ஒவ்வோர் எண்ணிலும் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? மக்கள் சேமிப்பு 4,000 கோடி. லண்டனில் சேர்ந்துள்ள ஸ்டெர்லிங் இருப்பு 1,000. வெளிநாட்டுக் கடன் 700. ஏற்றுமதி மிகுதி 600. புதைந்து கிடக்கும் பொன் முதலியன 300. மிச்சம் 3,400 கோடி? அதைப் புதிதாகப் படைத்துக்கொள்வதாம்! அரசு பத்திரம் எழுதிக் கொடுக்க, ரிசர்வ் வங்கி நோட்டு அச்சிட்டுக் கொடுக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி. இதன் விளைவு என்ன என்பதைப் பொருளாதாரம் படிக்காதவரும் அறிவர்: சரக்கு வருமுன் நோட்டு வரும், விலை ஏறும், நிலையான கூலிக்காரன் வயிற்றில் அடிக்கும். இதை மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. விலை ஏற்றத்தால் விளையும் அநீதியைத் தடுக்க, அக்காலம் முழுவதும் பொருளாதார வாழ்வின் ஏறத்தாழ ஒவ்வொரு கூற்றையும் அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும், தனிமனித உரிமையும் தொழில் உரிமையும் தற்காலிகமாக மறையும் என்று அவர்களே எழுதினார்கள். பிர்லாவும் டாட்டாவும் கையெழுத்திட்ட ஏட்டில் இவ்வாக்கியம்! நாகர்கோவில் நண்பரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்போ அவங்களுக்கு அதுல ஏதோ லாபம் இருந்திருக்கும் மக்கா" என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. வரலாற்றாசிரியர்கள் பலரும் அதையே கூறுகின்றனர். கனரக ஆலைக்கும் மின்சாரத்துக்கும் வேண்டிய முதல் அன்று தனியார் கையில் இல்லை. அரசு போட்டால் தங்கள் ஆலைகள் பெருகும். அந்நியச் சரக்குக்கு எதிராக அரசின் கை வேண்டும். மக்களிடையே பொதுவுடைமைக் கருத்துப் பரவுமுன் தாமே ஒரு திட்டத்தோடு முந்திக்கொள்ள வேண்டும். எம். என். ராயின் தோழர்கள் அதே ஆண்டு மக்கள் திட்டம் என ஒன்றை வெளியிட்டு, வேளாண்மையை முன்வைத்ததும் இங்கு நினைக்கத் தக்கது.

வேளாண்மை என்றவுடன் என் மூன்றாம் வாசிப்பு நினைவுக்கு வருகிறது. இத்திட்டம் எழுதப்பட்ட மாதங்களில் வங்காளத்தில் மக்கள் பஞ்சத்தால் செத்துக்கொண்டிருந்தார்கள். மாண்டவர் இருபது முப்பது இலட்சம் என்பர். அவ்வேளையில் 10,000-இல் 1,240 மட்டுமே உழவுக்கு! கிராம ஆட்சியையும் வேளாண்மைக் கூட்டுறவையும் பற்றி நூல் எழுதிய கையா இதை எழுதியது? எண் எதுவும் பொய் என்று என்னால் காட்ட இயலவில்லை. ஆனால் ஆலைக்கு எவ்வளவு என்ற வினாவைத் துருவித் துருவிக் கேட்ட அளவுக்கு, நிலம் யாரிடம் இருக்கிறது என்ற வினாவைக் கேட்கவில்லை. ஊதியம் கொடுப்பவரின் நிழல் எங்கே விழுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எழுதிய எண்ணின்மேல் அது விழுவதில்லை. கேட்காமல் விட்ட வினாவின்மேல் விழுகிறது. ஆகவே தேடிப் பிடிப்பதும் கடினம்.

இக்கருத்தை வேறு உப்பில் வைத்துச் சோதிக்க மத்தாயே வாய்ப்பளிக்கிறார். 1946-இல் அவர் இடைக்கால அரசில் சேர்ந்தார். விடுதலைக்குப் பின் இரயில்வேப் பொறுப்பு. 1948-இல் நம் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகியதும் அவ்விடத்துக்கு வந்தார். 1949 வரவு செலவுத் திட்டத்தில் மூலதன ஆதாய வரியை நீக்கினார். லியாகத் அலிகான் 1947-இல் கொணர்ந்த வரி அது. முதலீட்டுக்கு ஊக்கம் வேண்டும் என்பது காரணம். இதில் டாட்டா அலுவலக வாசனை அடிக்கிறது என்றால் நான் வாதாட மாட்டேன். (அவ்வரியை 1956-இல் மீண்டும் கொணர்ந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் தொழில் நடத்திய குடும்பத்தவரே!)

1950 பிப்ரவரி 28 அன்று குடியரசின் முதல் வரவு செலவுத் திட்டத்தை மத்தாய் படித்தார். திட்டக் கமிஷன் அமையப் போவதை அவ்வுரையிலேயே அறிவித்தார். மார்ச்சில் கமிஷன் பிறந்தது. மூன்று திங்களில், அக்கமிஷன் இன்னோர் அமைச்சரவைபோல் ஆகி நிதியமைச்சரின் பொறுப்பைக் குலைக்கிறது என்று காரணம் காட்டி, பாகிஸ்தானோடு செய்த உடன்பாட்டிலும் மாறுபட்டு, பதவி விலகினார். திட்டம் வேண்டும் என்று 1944-இல் எழுதியவர் 1950-இல் திட்டக் கமிஷனை எதிர்த்தார் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. திட்டம் வேறு, செலவுக்கு யார் பொறுப்பு என்பது வேறு. பணப்பெட்டியின் சாவி ஒருவனிடமும், செலவுக் கட்டளை மற்றொருவனிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை விடுதியின் மெஸ் கமிட்டியில் இருந்தவர்கள் அறிவார்கள்.

அவர் மீண்டும் டாட்டாவுக்கே சென்றார். ஆனால் 1953-இல் அரசு அவரை வரி விசாரணைக் கமிஷனுக்குத் தலைவராக்கியது. உறுப்பினர்களுள் ஒருவர் முன்சொன்ன வி. கே. ஆர். வி. ராவ். நாட்டின் வரிகள் அனைத்தையும் ஆராய்ந்து அவர்கள் அளித்த அறிக்கையில், ஒரு சிறு பகுதி என்னைத் திடுக்கிட வைத்தது. வரி போக ஒருவர் கையில் நிற்கும் வருமானம், நாட்டின் சராசரிக் குடும்ப வருமானத்தைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்குக்கு மேற்படாமல் உச்சவரம்பு இருக்கவேண்டும் என்பது அது. சராசரிக் குடும்பம் 100 ரூபாய் ஈட்டினால், நாட்டின் மிகப் பெரிய செல்வர் கையிலும் 3,000-க்கு மேல் நிற்கலாகாது. இதற்குத் தலைமை தாங்கியவர் டாட்டாவின் இயக்குநர்! அப்பரிந்துரை சட்டமாகவில்லை. இன்று சொன்னால் நகைப்பார்கள். ஆனால் வினாவை நோக்குங்கள். ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருக்கலாம் என்பதை எந்தக் கம்பெனியும் தன் பொருளாதார அறிஞரிடம் கேட்காது. அரசு கேட்டது, அதே மனிதர் விடை சொன்னார். அவர் மாறவில்லை. கேட்டவர் மாறினார்.

மத்தாயோடு பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட ஷ்ராப் 1956-இல் தடையற்ற தொழில் உரிமைக்காகத் தனி மன்றமே தொடங்கினார். ஒரே அலுவலகம், ஒரே உப்பு, இரண்டு பாதை. ஆகவே எல்லாவற்றையும் உப்பின் தலையில் கட்டவும் இயலாது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955 ஜூலையில் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியானபோது அதன் முதல் தலைவர் மத்தாய். பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1957 முதல் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1959-இல் மறைந்தார். அவருடைய மருமகன் ஒருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்: சென்னை லயோலாவில் இயற்பியல் படித்து, டாட்டா எஃகில் சிறிது காலம் இருந்து, மாமாவின் நிழல் வேண்டாமென்று வெளியேறி, இதே பெங்களூரின் பால்பண்ணைக் கல்வி நிலையத்தில் சில மாதம் பயிற்சி பெற்று, ஆனந்துக்குப் போய் அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன்.

என் தந்தையார் ஈரோட்டில் கணக்குப்பிள்ளை. நான் பள்ளியில் படித்தபோது அவர் வேலை பார்த்த கடையில், முதலாளி ஒருநாள் இரண்டாம் நோட்டு ஒன்று எழுதச் சொன்னார். அப்பா எழுதினார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அம்மா ஒருமுறை சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன கிழமை தொலைபேசியில் வேலையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். மத்தாயைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கணக்கு எழுதற வேலைதானே கண்ணு?" என்றார். பிறகு தானாகவே சொன்னார்: "நான் ஒரு எண்ணையும் மாத்தி எழுதல. சில பக்கத்த எழுதாம உட்டேன். அவ்வளவுதான்."

நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் வாசிப்பில் நான் கண்டுபிடித்ததாக இறுமாந்திருந்ததை அவர் இருபது ஆண்டுகளாக அறிந்திருக்கிறார்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஊதியத்தைப் பற்றியன்று. ஆய்வுப் பிரிவு எதைப் பற்றி அறிக்கை எழுதவேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார், தலைமை நிபுணரா, மேலிடமா, எண்ணும் கணக்கு விவரமும் அறிக்கையோடு வெளியாகுமா என்று கேட்டிருக்கிறேன். இப்படிக் கேட்கும் முதல் மாணவன் நான்தான் என்று நாகர்கோவில் நண்பர் சிரிக்கிறார். விடை இன்னும் வரவில்லை. நான் முடிவு சொல்ல அவர்கள் கொடுத்த கெடு முடிய ஒன்பது நாள் இருக்கிறது.